டயர் கடைக் கண்ணாடி

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. விளக்கு வைக்கிற நேரம். மலையடிவாரத்திலிருந்து பஸ் நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு ஜவுளிக்கடையின் ஷோகேஸுக்குள் ஏறி நின்றுகொண்டு, என் மனைவி சுகுணா ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

பெண் என்றால் பொம்மைப் பெண். மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை கட்டி, இடுப்பில் ஒரு கையை வைத்து, ஒரு வருஷமாகத் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள். அவளுடைய டோப்பாவை யாரோ மனசாட்சியுள்ள ஆள் நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருந்தான். சுகுணா இழுத்த இழுப்பில் துணி கிழிகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி வெளியே கேட்டது.

நான் நடைபாதையில் நின்றிருந்தேன். கையில் அவளுடைய கைப்பை. முகத்தில், இந்தப் பையும் நானும் தற்செயலாக இங்கே சந்தித்துக்கொண்டோம் என்கிற பாவனை.

கடைக்காரன் பாபு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவனைப் போலக் கன்னத்தில் கை.

சுகுணா கண்ணாடியைத் தட்டினாள். “ஏங்க, அங்க இருந்து பாத்தா எப்படி இருக்குது?”

“மொட்டையா இருக்குது.”

“அதான் வேணும்,” என்று அடுத்த பொம்மையிடம் போனாள்.

கரப்பான்பூச்சியைக்கூடத் துடைப்பத்தால் பக்குவமாக வழியனுப்பி வைக்கிறவள் அவள். அப்படிப்பட்டவள், நாங்கள் ஒரு கைக்குட்டைகூட வாங்கியிராத ஒரு கடையில், வரிசையாக மூன்று பொம்மைகளுக்கு மொட்டையடிக்கும்படி ஆனது எப்படி என்று சொல்வதானால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். “நெஞ்சு எப்போதிலிருந்து வலிக்கிறது?” என்று டாக்டர் கேட்டபோது, “போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வெள்ளையடித்தோம்” என்று ஆரம்பித்தவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்காதவர்களின் ஒழுக்கம்

அந்த நெஞ்சுவலிக்குப் பிறகு என் இதயக் குழாயில் ஒரு சின்னக் கம்பிச்சுருளை வைத்து அனுப்பினார்கள். கூடவே, தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்ற உத்தரவையும். அரக்கோணத்தில் அலுவலகம். சாயங்கால ரயிலில் வந்து இறங்கி, ஒரு காப்பி குடித்துவிட்டு, சுகுணாவும் நானும் கிளம்புவோம். ஸ்டேஷன் பக்கத்து வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை போய்த் திரும்புவோம்.

திருத்தணியில் நடை என்றால் சாலை. சாலை என்றால் கடை. கடையைப் பார்க்காமல் நடக்க வேண்டுமென்றால் ஆகாயத்தைப் பார்த்து நடக்க வேண்டும். அப்படி நடப்பவர்களை இந்த ஊரின் ஷேர் ஆட்டோக்கள் நீண்ட நாள் விட்டுவைப்பதில்லை.

ஆகவே பார்த்தோம். பார்த்தோமே தவிர வாங்கவில்லை. வாங்காமலிருப்பதற்கென்று எங்களிடையே ஒரு ஒழுக்கம் தானாக உருவானது. கடைக் கதவின் கைப்பிடியைத் தொடக் கூடாது. விலைச்சீட்டைப் படிக்கலாம், வாய்விட்டு விலை கேட்கக் கூடாது. உள்ளேயிருந்து கடைக்காரர் கண்ணோடு கண் பட்டுவிட்டால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல ஒரு சலிப்பு காட்ட வேண்டும். என் கைக்கடிகாரம் நின்று இரண்டு வருஷமாகிறது. இந்த உபயோகத்துக்கு ஓடுகிற கடிகாரம் தேவையில்லை.

பார்ப்பதற்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. காரின் முன்பக்கத்தில் ஒட்டுகிற வேலிலிருந்து, வாங்கினால் லாரி பிடிக்க வேண்டிய வேல் வரை எல்லா அளவிலும் வேல். கட்டுக்கட்டாக மயிலிறகு. மொட்டை போட்ட குழந்தைகளுக்கான தொப்பிகளைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிய ஒரு கடை. அதற்கு எதிரிலேயே, நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, பாசிமணியோடு சீப்பும் விற்கிற ஒரு அம்மாள். மொட்டையடிக்கிற ஊரில் சீப்பு விற்கிறவருடைய நம்பிக்கையின் முன் நம்முடைய பக்தியெல்லாம் ஒன்றுமேயில்லை.

சுகுணா ஒவ்வொரு கடைக் கண்ணாடி முன்னாலும் நிற்பாள். பாத்திரக்கடையில் நிற்பாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்பாள். ஜவுளிக்கடை என்றால் கூடுதலாக இரண்டு நிமிஷம். எனக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். கம்பிச்சுருள் இல்லை, மனசாட்சி. ஆசைப்பட்டு நிற்கிறாள், நாம் வாங்கித் தருவதில்லை என்று.

சாத்திய கடை முன்னால்கூட நிற்பாள். ஆறு மணிக்கே மூடிவிடுகிற ஒரு டயர் கடை உண்டு. உள்ளே இருட்டு, இருட்டுக்குள் இன்னும் இருட்டாக நாலைந்து டயர்கள். அங்கேயும் ஒரு நிமிஷம் நிற்பாள். “லாரி ஏதாவது வாங்கியிருக்கிறாயா?” என்று கேட்டேன். “சும்மா இருங்க,” என்றாள்.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இதே நகைச்சுவைத் தொடரில் சில மாதங்களுக்கு முன் அதைக் கிண்டலடித்து ஒரு அத்தியாயமே எழுதினேன். பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு வாசகி மட்டும் தபால் அட்டையில் ஒரே வரி எழுதியிருந்தார்: “ஒரு புடவை வாங்கித்தான் கொடுங்களேன் ஐயா.”

அப்பாவின் ரேடியோ

வாங்காமல் பார்ப்பது எனக்கு வழிவழியாக வந்த சொத்து. வேறு சொத்து எதுவும் வரவில்லை என்பதால் இதை நான் கவனமாகப் பராமரித்து வருகிறேன்.

அப்பா அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என்னை அழைத்துப் போவார். நேராக ஒரு ரேடியோக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிகிற ஒரு ரேடியோ. அப்பா அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கோயிலில்கூட அவர் அப்படி நின்றதில்லை, அங்கே செருப்புப் பற்றிய கவலை இருக்கும்.

கடைக்காரர் வெளியே வருவார். “இன்னா சார், பேக் பண்ணிடட்டுமா?”

“அடுத்த மாசம் பாக்கலாங்க.”

மூன்று வருஷம் அடுத்த மாசம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தீபாவளிக்கு அப்பா நிஜமாகவே ரேடியோ வாங்கினார். ஆனால் அந்தக் கடையில் இல்லை. ரயிலேறிச் சென்னைக்குப் போய் அதே மாடலை வாங்கி வந்தார். இத்தனை நாள் சும்மா பார்த்துவிட்டு அங்கேயே போய் எப்படி வாங்குவது, அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அவருடைய நியாயம். பெட்டியைத் தலையில் வைத்து, அந்தக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, தண்டவாளம் தாண்டி, சேற்றில் இறங்கி வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வெளியே போகவில்லை. வீட்டில் ரேடியோ பாடியது. அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பார்க்கிற கடை வேறு, வாங்குகிற கடை வேறு. இந்தச் சட்டத்தை நானும் மீறியதில்லை. அதில்தான் பாபுவிடம் மாட்டிக்கொண்டேன்.

கனமான பை

பாபுவின் கடை திறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஆர்.கே.பேட்டையில் அவர்கள் வீட்டில் தறி உண்டு. அவன் நைனா இன்றும் நெய்கிறார். இவன் மட்டும், இனி நெய்ய மாட்டேன், விற்கத்தான் போகிறேன் என்று இங்கே வந்து கடை போட்டான். சின்னக் கடைதான். ஆனால் ஷோகேஸுக்கு மட்டும் பட்டணத்துக் கடைகளைப் போல ஆளுயரக் கண்ணாடி, உள்ளே மூன்று பொம்மைகள், மூன்றுக்கும் இடுப்பு வரை அலையலையாகக் கூந்தல். எங்கள் நடைபயணத்தின் மிகச் சிறந்த கண்ணாடி அதுதான். நாள் தவறாமல் நின்றோம்.

போன தீபாவளிக்குச் சுகுணாவுக்குப் புடவை எடுத்தோம். எங்கே? காஞ்சிபுரத்தில். திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மழை தூறியது. பாபுவின் கடை வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கடைப் பெயர் கொட்டை எழுத்தில் போட்ட பையை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தேன்.

“பாவா!”

பாபு வாசலிலேயே நின்றிருந்தான். சுகுணாவுக்கும் ஆர்.கே.பேட்டைதான் சொந்த ஊர் என்று எப்படியோ தெரிந்துகொண்டிருக்கிறான். அந்த ஊர்க்காரர்களுக்கு அவள் அக்கா, நான் பாவா. ஊரே எனக்கு மைத்துனன்.

“மழையா கீது பாவா. பை நனையுது பாருங்க. உள்ள வெச்சிட்டு, வுட்டப்புறம் எடுத்துகினு போங்க.”

குத்தலா, கரிசனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தான். காஞ்சிபுரத்துப் பை அவனுடைய கல்லா மேசைமேல், எல்லோரும் படிக்கும்படியாக, அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சூடாக நான் டீ குடித்ததில்லை.

நிபுணர் கருத்து

அதன்பிறகு நின்றால் பேசுவான் என்று ஆகிவிட்டது. இந்த ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், நாங்கள் வழக்கம்போல நின்றபோது வெளியே வந்தான். சவரம் செய்யாத முகம்.

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுப்பா.”

“ஒரு வருசமா டெய்லி வந்து பாத்துகினு கீறீங்க. ஒரு நாள்கூட உள்ள வந்து ஒரு ஜாக்கெட் பிட்டு கேட்டதில்ல. மத்தவங்க ஒரு தபா பாத்துட்டுப் போயிடறாங்க, அவங்களைக் கேட்டு புண்ணியமில்ல. இவ்ளோ நாள் பாத்தும் வாங்காதவங்க நீங்கதான். இந்தக் கடைல இன்னாக்கா குறை?”

எங்கள் தகுதியை இவ்வளவு துல்லியமாக யாரும் எடைபோட்டதில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“வியாபாரம் இல்லியா?” என்றாள் சுகுணா.

“கிருத்திகைக்கு ஊரே ரொம்பும்ல, அதான்க்கா கடைசி. அதுலயும் ஓடலன்னா ஆவணில காலி பண்ணிடுவேன். ஊர்ல நைனா என் தறியை அப்படியே வெச்சிகினு கீறாரு. துணி போட்டு மூடி வெச்சிகினு கீறாரு.”

“திட்டுவாரா?” என்றேன்.

“ஒண்ணும் சொல்ல மாட்டார் பாவா. போனா துணியை எடுத்து மடிச்சு வெச்சிட்டு, ‘உக்காரு’ன்னு தறியக் காட்டுவாரு. அவ்ளோதான். அதுக்குத்தான் பயமே.”

சுகுணா திரும்பிச் சாலையைப் பார்த்தாள். மலையிலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. மஞ்சள் உடுப்பு, நெற்றி நிறையத் திருநீறு, அரோகரா போட்டுப் போட்டுக் கம்மிய தொண்டைகள். ஆண், பெண், குழந்தை, பாதிப் பேருக்கு மொட்டை. தலையில் சந்தனம்.

“இவங்கதானே உன் கடைக்கு வரணும்?”

“ஆங்.”

“அவங்க தலையைப் பாரு. உன் பொம்மைங்க தலையைப் பாரு.”

பாபு பார்த்தான். நானும் பார்த்தேன். ஒரு வருஷமாக அதே இடத்தில் நின்று, என்னை ஒரு கூர்மையான கவனிப்பாளன் என்று நினைத்துக்கொண்டு, புடவையின் கரை, விலை, பொம்மையின் மூக்கு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இதைப் பார்க்கவில்லை.

“இப்பத்தான் முடி குடுத்துட்டு வர்றா ஒருத்தி,” என்றாள் சுகுணா. “தலை காலியா இருக்குது. காத்து பட்டா கூசுது. துண்டைப் போட்டு மூடிகினு வர்றா. எதுத்தாப்பல நீ இடுப்பு வரைக்கும் முடியோட மூணு பேரை நிக்க வெச்சிருக்க. அவ நிப்பாளா? தலையைக் குனிஞ்சிகினு போயிடுவா.”

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. ஜவுளி வியாபாரத்தில் அவளுக்கு இவ்வளவு ஈடுபாடு இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

சிரித்தாள்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுகுணா மலைக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்த சில நாட்களில், ஒரு காலை, பக்கத்து வீட்டு அம்மாளோடு படியேறிப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தாள். தொடை வரை ஜடை இருந்தவள் அவள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது நான் முதலில் பார்த்ததே, கதவுக்குப் பின்னால் மறைந்து போன அந்த ஜடையின் நுனியைத்தான்.

எனக்கு முன்வழுக்கை, நடுவழுக்கை, பின்வழுக்கை மூன்றும் நாற்பது வயதுக்குள் முடிந்துவிட்டன. என்னுடையதை முருகன் கேட்காமலேயே எடுத்துக்கொண்டான்.

அன்று ஹாலில் வந்து நின்றாள். சந்தனம் காய்ந்து வெடித்த தலை. நான் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தேன். செய்தித்தாளை மடித்தேன், மறுபடி பிரித்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் எனக்கு ஒரே வழிதான் தெரியும்.

“நல்லதாப் போச்சு. இனிமே இந்த வீட்டுல சீப்பே தேவையில்ல,” என்றேன்.

சிரித்தாள். ஒரு நகைச்சுவை எழுத்தாளனுக்கு அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மறுநாள் குளியலறைப் பலகையில் இருந்த சீப்பைக் காணவில்லை. தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு அவள் சில வாரங்கள் வெளியே வராமல் இருந்தாள். வெயில் என்று நினைத்தேன். பிறகு என்னோடு சாயங்கால நடைக்கு வரத் தொடங்கினாள், அதுவும் விளக்கு வைத்த பிறகுதான். ஆறுதலாக இருந்தது.

தறிக்கஞ்சி

மறுபடி ஷோகேஸுக்குள் வருகிறேன். மூன்று டோப்பாவும் கழன்றுவிட்டன. வெள்ளை வெளேரென்று மூன்று மண்டைகள். ஒருத்தியின் உச்சியில் ஒரு திருகாணி தெரிந்தது.

பாபு கழன்ற டோப்பாக்களை அள்ளி மடியில் வைத்துக்கொண்டான். “அக்கா, பட்டுப் புடவை கட்டி மொட்டையா... யாராச்சும் வேற மாதிரி நெனச்சிக்கப் போறாங்க.”

“நெத்தியில பெரிய பொட்டா வை. கழுத்துல மஞ்சக் கயிறு போடு. கை நிறைய வளையல் போடு. வேண்டுதலை முடிச்சிட்டு எறங்கி வர்றவ, சந்தோசமா இருக்கிறா. இந்த ஊர்ல அதை யாருப்பா தப்பா நெனைக்கிறது?”

சந்தனம் குழைத்துப் பூசினாள். மனிதத் தலையில் நிற்கிற சந்தனம் பொம்மைத் தலையில் நிற்கவில்லை. வழுக்கி, மூக்கு வழியாக இறங்கி, புடவையை நோக்கிப் பயணம் செய்தது. இரண்டு முறை துடைத்தாள். மூன்றாவது முறை பாபு எழுந்தான்.

“அந்தாண்ட நவுருங்கக்கா.”

எதிர் ஓட்டலுக்குப் போய்ச் சாதம் வடித்த கஞ்சி வாங்கி வந்தான். அதைத் துணியில் வடிகட்டி, விரலால் தொட்டுத் தொட்டுப் பதம் பார்த்து, சந்தனத்தோடு கலந்தான். தறியில் ஏற்றுமுன் நூலுக்குப் போடுகிற கஞ்சியின் பதம். பூசிய இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டது. நெய்ய மாட்டேன் என்று ஓடிவந்தவன் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரிந்தது. நான் அதைக் கிண்டலடிக்கவில்லை. அன்று எனக்கு நல்ல நாள்.

பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். “இன்னா பாபு, உன் பொம்மைங்களுக்கு வேண்டுதல் முடிஞ்சிடுச்சா? காதுகுத்து எப்போ? சொல்லு, மொய் எழுதறேன்.”

துண்டு

கிருத்திகை தொடங்கியது. ஊர் கொள்ளாத கூட்டம். காவடிகளின் மயிலிறகு கடைப் பெயர்ப் பலகைகளை உரசிக்கொண்டு போனது. நானும் விடுப்பு எடுத்திருந்தேன். சுகுணா சும்மா இருக்க விடவில்லை. பாபு கடைக்கு எதிர்ப்பக்கம், சர்பத் வண்டி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் நின்றவர்கள் நிறைய. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மொட்டை போட்ட இளைஞர்கள் கண்ணாடியை ஒட்டி நின்று, பொம்மையோடு தலையைச் சேர்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போனது ஒருவருமில்லை. சாயங்காலம் பாபு எங்களைப் பார்த்துக் கையை விரித்தான். சுகுணா ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள், மத்தியான வெயில் சாய்கிற நேரம். நகரிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் ஒன்று இறங்கி வந்தது. முன்னால் புருஷன், தோளில் காவடி. பின்னால் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், மஞ்சள் புடவை, தலையில் ஈரத் துண்டைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். கடையைத் தாண்டிப் போனவள் நின்றாள். இரண்டடி பின்னால் வந்தாள்.

“பத, பஸ்ஸு போத்துந்தி,” என்றான் புருஷன். பஸ் போய்விடுமாம்.

அவள் அசையவில்லை. பொம்மை தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தது. இவளும் அப்படியே சாய்த்தாள். பிறகு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, துண்டை மெதுவாக இறக்கினாள். சந்தனம் பூசிய தலை. உள்ளங்கையை அதன்மேல் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள்.

“நாலாகே உந்தி கதா?” என்று புருஷனைக் கேட்டாள். என்னைப் போலவே இருக்கிறாள், இல்லையா?

அவன் பொம்மையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். காவடியை இறக்கிக் கடை வாசலில் சாய்த்து வைத்தான்.

அரைமணி கழித்து வெளியே வந்தபோது கையில் துணிப்பை. துண்டு தோளில் கிடந்தது. அவளைப் பார்த்து இன்னொருத்தி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் ஒரு மாமியாரும் மருமகளும், இரண்டு பேரும் மொட்டை. அதன்பிறகு நான் எண்ணவில்லை. எண்ண முடியாதபடி வாசலில் செருப்பு. பொம்மை கட்டியிருந்த மாம்பழ நிறப் புடவையையே வேண்டும் என்று ஒரு அம்மாள் அடம் பிடிக்க, பாபு ஷோகேஸுக்குள் ஏறினான். எங்களைப் பார்த்துக் கும்பிடு போடக்கூட அவனுக்கு நேரமில்லை.

“பரவாயில்ல, ஆசையாப் புடவை பாக்கறாங்க,” என்றேன்.

“அவ புடவையப் பாக்கலீங்க,” என்றாள் சுகுணா.

“பின்ன?”

“கண்ணாடியப் பாத்தா. பொம்மை பக்கத்துல தன் தலை எப்படித் தெரியுதுன்னு பாத்தா. புடவை அப்புறம்தான்.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

சர்பத் டம்ளரை வண்டியில் வைத்தாள். “நான் எப்பங்க புடவை பாத்தேன்?”

எனக்கு உடனே புரியவில்லை. நான் படித்தவன், கொஞ்சம் நேரமாகும்.

“வீட்டுக் கண்ணாடில பாக்கப் புடிக்கல. கிட்டப் போனா ஒவ்வொரு மயிரும் தெரியுது, குச்சி குச்சியா. கடைக் கண்ணாடில அப்படி இல்ல, நெழலா தெரியும். காது மூடிச்சா, கழுத்துக்கு வந்துச்சான்னு பாத்துகினே போயிடலாம். யாரும் என்னான்னு கேக்க மாட்டாங்க.”

“அப்போ அந்த டயர் கடை?”

“அதான் இருக்கறதுலயே நல்ல கண்ணாடி. உள்ள இருட்டு. அப்படியே தெரியும்.”

ஒன்றரை வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். லாரி வாங்கினாயா என்று கேட்டிருக்கிறேன். அத்தியாயம் எழுதியிருக்கிறேன். எதிரில் பெரிய கூட்டம் அரோகரா என்றது. நான் அவள் தலையை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தேன். முடி கழுத்தைத் தொட்டிருந்தது. நுனியில் லேசாகச் சுருண்டிருந்தது. முன்பு அப்படிச் சுருண்டதில்லை.

நடுவில் நிற்பவள்

ஆவணி பிறந்து பத்து நாளாகிறது. பாபு கடையைக் காலி செய்யவில்லை. போன வாரம் அவன் நைனா ஊரிலிருந்து வந்தார். மெலிந்த மனிதர். ஷோகேஸ் முன்னால் வெகுநேரம் நின்றார். உள்ளே போய், ஒரு பொம்மையின் தலையை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்தார்.

“கஞ்சி யார் போட்டது?”

“நான்தான் நைனா.”

“பதம் சரியா கீது,” என்றார். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அவர் பேசுகிற அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு என்கிறான் பாபு. தறியின் மேல் போட்ட துணி இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம். அது வேறு விஷயம்.

நேற்று சாயங்காலம் கடைமுன் நின்றோம். பாபு வெளியே வந்தான். “அக்கா, எது வேணுமோ எடுத்துக்கோங்க. துட்டு பத்திப் பேசினா நான் பேசவே மாட்டேன்.”

“ஒண்ணும் வேணாம்ப்பா.”

“அப்ப டோப்பாவை மாட்டிடவா? கிருத்திகை முடிஞ்சிடுச்சே. இனிமே முகூர்த்தக் கூட்டம் வரும்.”

சுகுணா கண்ணாடியைப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கு மாட்டு. நடுவுல நிக்கிறவ அப்படியே இருக்கட்டும். மலைல இருந்து தினமும் யாராச்சும் வந்துகினுதானே இருப்பாங்க.”

அங்கிருந்து நடந்தோம். தொப்பிக் கடை எதிரில் தார்ப்பாய் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“சீப்பு ஒண்ணு குடும்மா.”

அந்த அம்மாள் என் தலையைப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். ஏதாவது ஒரு மூலையில் நியாயம் கிடைக்குமா என்று தேடினார்.

“யாருக்கு சார்?”

“வீட்டுக்கு.”

பெரிய பல் வைத்த ஒரு சிவப்புச் சீப்பு. அதைச் சுகுணாவிடம் நீட்டினேன். சீப்பே தேவையில்லை என்று அன்று சொன்னதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தமாஷ்கூட வரவில்லை.

அவள் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல்லை விரலால் ஒரு தரம் தடவினாள்.

“இங்கயே வாரிப் பாரேன்,” என்றேன்.

“இங்க வெளிச்சம் ஜாஸ்தி,” என்றாள். “டயர் கடைகிட்டப் போலாம் வாங்க.”